ஒரே பானைக் காசுகளில் இத்தனை விதமான களிம்பு ஏன்? (செம்பு, வெள்ளி)

காசுப்பை எழுதியது:

வணக்கம். ஒரே மண்பானையில் கிடைத்து, முறைப்படி பதிவாகி, பட்டியலிடுவதற்காக வந்திருக்கும் காசுகளைப் பற்றிய கேள்வி. எதையும் இன்னும் கழுவவில்லை, மண்ணோடு அப்படியே இருக்கின்றன.

செம்புக் காசுகளில் பாதி வழவழப்பான கரும்பச்சை. எழுத்தை வாசிக்க முடிகிறது. மீதியில் மருமருவாகப் புடைப்புகள். அவற்றிலும் சிலவற்றில் மட்டும் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது. துடைத்தால் போய்விடும், சில நாளில் அதே இடத்தில் திரும்ப வரும்.

வெள்ளியிலும் இரண்டு வகை. ஒன்று சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம், மெழுகுத் தன்மை, நகம் பட்டால் கோடு விழுகிறது. இன்னொன்று முழுக்கப் பச்சை. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து உள்ளே வெண்ணிற உலோகம் தெரிந்ததால்தான் வெள்ளி என்றே புரிந்தது.

ஒரே பானை, ஒரே மண், ஒரே காலம். அப்புறம் ஏன் இந்த வேறுபாடு? எந்தப் பச்சையை விட்டுவிடலாம், எதற்குப் பயப்பட வேண்டும்? களிம்பின் தடிமனை வைத்து எத்தனை ஆண்டு புதைந்திருந்தது என்று கணக்கிட முடியுமா? அலுமினியத் தாளும் சோடாவும் போட்டு வெந்நீரில் ஊறவைத்தால் வெள்ளி தெளியும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

---

மண்படிவு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: செய்யாதீர்கள். காரணத்தை வெள்ளி தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்வார்கள். நான் செம்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

நல்ல நிலையில் உள்ள ஒரு செம்புக் காசைக் குறுக்கே வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். நடுவில் உலோகம். அதை ஒட்டிச் சிவப்பாக குப்ரைட், அதாவது கியூப்ரஸ் ஆக்சைடு. அதற்கு வெளியே பச்சையாக மாலகைட். இது செம்பின் காரக் கார்பனேட். ஆங்காங்கே நீலம் இருந்தால் அசுரைட்; அதுவும் கார்பனேட்தான், கரியமில வாயு அதிகமாக இருந்த இடங்களில் உருவாகும். ஈரம் கூடினால் காலப்போக்கில் மாலகைட்டாக மாறிவிடும்.

மண்ணில் விழுந்த செம்பு முதலில் குப்ரைட் தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் நெருக்கமாக அமைந்துவிட்டால், அதன் வழியாகச் செம்பு அயனிகள் வெளியே வருவதும் ஆக்சிஜன் உள்ளே போவதும் மிக மெதுவாகிவிடும். வெளியே வந்த அயனிகள் மண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட்டோடு சேர்ந்து மாலகைட்டாகப் படியும். உங்கள் வழவழப்பான கரும்பச்சைக் காசுகள் இந்த வகை. அவை கிட்டத்தட்ட உறங்கிவிட்டன.

கதையை மாற்றுவது குளோரைடு. உப்பு கலந்த மண்ணில் உலோகம் கரையும் இடத்தில் நேர்மின்னூட்டம் சேர்கிறது. அதைச் சமன்செய்ய மண்ணீரிலுள்ள எதிரயனிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. சிறியதும் வேகமாக நகரக்கூடியதுமான குளோரைடு முந்திக்கொள்ளும். குப்ரைட் தோலைத் தாண்டிப் போய் உலோகத்தை ஒட்டியே கியூப்ரஸ் குளோரைடாக, அதாவது நாண்டோகைட்டாகத் தங்கும். அந்தக் குழிக்குள் நீர் அமிலமாகிறது, அமிலம் குழியை ஆழமாக்குகிறது, ஆழமான குழி இன்னும் குளோரைடை இழுக்கிறது. மேலே எழும் மரு அந்தக் குழியின் மூடி. மருவின் உயரத்தைப் பார்த்து உள்ளே எவ்வளவு உலோகம் போயிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பருமன் கணக்கைப் பார்த்தால் காசு ஏன் வீங்குகிறது என்று தெரியும். ஒரு பங்கு பருமனுள்ள செம்பு குப்ரைட்டாக மாறினால் ஏறத்தாழ 1.7 பங்கு இடம் பிடிக்கும். நாண்டோகைட்டானால் 3.4 பங்கு. மாலகைட்டானால் 3.9 பங்கு. இவ்வளவையும் அதே எல்லைக்குள் அடைக்க முடியாது. ஒன்று வெளியே வழிய வேண்டும், இல்லையென்றால் மேல்தோலைப் பிளக்க வேண்டும்.

வெண்கலமாக இருந்தால் இன்னொரு கூத்து. செம்பு கரைந்து வெளியேறும், வெள்ளீயம் ஆக்சைடாகி இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் மேற்பரப்பில் வெள்ளீயத்தின் விகிதம் கூடி, காசின் பழைய வடிவம் அதில் அப்படியே பதிவாகியிருக்கும். 1998இல் ராபியோலா குழுவினர் இதை இரண்டு வகையாகப் பிரித்தார்கள்: வழவழப்பான மேற்பரப்பைக் காக்கும் முதல் வகை, குளோரைடு புகுந்து கரடுமுரடாகிவிடும் இரண்டாம் வகை. உங்கள் செம்புக் காசுகளின் இரண்டு பாதிகளும் ஏறத்தாழ இதே பிரிவுதான். பித்தளை என்றால் துத்தநாகம் முதலில் போய், இளஞ்சிவப்பான, நுண்துளை நிறைந்த செம்பு மிஞ்சும். ஈயம் கலந்திருந்தால் வெள்ளைப் புள்ளிகளாக ஈயக் கார்பனேட் தெரியலாம்.

இப்போது ‘ஒரே பானை’. பானை என்பது ஒரே சூழல் அல்ல. அடியில் நீர் தேங்கும், உப்பு செறியும். மேலே காற்றும் ஈரமும் மாறி மாறி வரும். பக்கச்சுவரை ஒட்டிய காசுக்குச் சுவரில் ஊறிய உப்பு கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்த காசுகளின் இடுக்கில் ஆக்சிஜன் குறைவு, வெளிமுகத்தில் அதிகம். இந்த வேறுபாடே ஒரு மின்கலம்: ஆக்சிஜன் குறைந்த இடம் கரையும். போதாததற்கு, வெள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்த செம்பு தன்னைக் கரைத்து வெள்ளியைக் காப்பாற்றும். பானைக்குள் எந்தக் காசு எங்கே இருந்தது என்று குறித்திருந்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

கறுப்பாக ஏதேனும் இருந்தால் கவனியுங்கள். அது இரண்டு வழியில் வரும். தீயில் பட்ட செம்பு கறுப்பு ஆக்சைடாகும். காற்றில்லாத சேற்றில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் வெளியிடும் சல்பைடு செம்பைக் கறுப்புச் சல்பைடாக்கும். இரண்டாவது என்றால் அந்த இடம் நெடுங்காலம் நீரில் மூழ்கியிருந்தது என்று பொருள்.

வயதுக் கணக்கு முடியாது. தொடக்கத்தில் வேகமாகவும் தோல் தடித்த பிறகு மெதுவாகவும் நடக்கும் வினை இது. குளோரைடு புகுந்தால் அந்த ஒழுங்கும் கெடும். 1676இல் பால்டிக் கடலில் மூழ்கிய குரோனான் என்ற ஸ்வீடன் போர்க்கப்பலின் வெண்கலப் பீரங்கி ஒன்று வாய் கீழாகக் களிமண்ணில் செருகியபடி நின்றது. 300 ஆண்டு கடந்தும் நல்ல நிலையில் இருந்ததால், அணுக்கழிவைச் செம்புக் கலத்தில் புதைத்தால் எவ்வளவு தாங்கும் என்று கணிக்க அதை ஆராய்ந்தார்கள். அதே செம்பு, பொட்டாசியம் குளோரைடு உரம் போடும் வயலில் சில பத்தாண்டுகளிலேயே குழி விழுந்து போகும். தடிமன் மண்ணைப் பற்றிச் சொல்லும், ஆண்டைப் பற்றி அல்ல.

---

நுண்ணோக்கி எழுதியது:

வெள்ளிக்கு வருகிறேன்.

சுத்த வெள்ளி ஆக்சிஜனுக்கு அசைவதில்லை. ஆனால் குளோரைடு இருக்கும் இடத்தில் அதன் உயர்குடித்தனம் (எளிதில் அரிக்கப்படாத தன்மை) வெகுவாகக் குறைந்துவிடும். வெள்ளி அயனிக்கும் உலோகத்துக்கும் இடையிலான நியம மின்னழுத்தம் (இது குறையக் குறைய உலோகம் எளிதில் கரையும்) +0.80 வோல்ட். வெள்ளிக் குளோரைடுக்கும் உலோகத்துக்கும் இடையில் அது +0.22 வோல்ட்தான். அதாவது உப்பு மண்ணில் கிடக்கும் வெள்ளி, உப்பில்லாத இடத்தில் செம்பு கரையும் நிலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நீங்கள் சொன்ன சாம்பல்-ஊதா மெழுகுத் தோல் அந்த வெள்ளிக் குளோரைடு. கனிமமாகக் கிடைக்கும்போது கொம்பு வெள்ளி என்பார்கள். மோஸ் அளவில் கடினத்தன்மை 1.5 முதல் 2.5. நகம் ஏறத்தாழ 2.5. அதனால்தான் கோடு விழுகிறது. இனிமேல் நகம் வைக்காதீர்கள். அந்தத் தோலில்தான் முத்திரையே இருக்கலாம். ஊதா நிறம் வெளிச்சம் பட்டு வந்தது, வெளிச்சத்தில் வைக்க வைக்க இன்னும் கறுக்கும்.

வெள்ளி குளோரைடானால் பருமன் 2.5 மடங்கு. எனவே அரை மில்லிமீட்டர் தடிமனான மெழுகுத் தோலுக்கு 0.2 மில்லிமீட்டர் உலோகம் செலவாகியிருக்கும். மெல்லிய காசில் இது இரண்டு பக்கமும் நடந்தால் நடுவில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சில காசுகளில் உலோகமே இராது, முழுக்கக் குளோரைடாகவே இருக்கும்.

கறுப்பு வெள்ளி வேறு, அது சல்பைடு. அலமாரியில் வைத்த பாத்திரம் கறுப்பதும் அதுதான். மண்ணுக்கடியில் தடித்த சல்பைடு வர வேண்டுமானால் காற்றில்லாத சேறு வேண்டும்.

பச்சை வெள்ளிக் காசுகள்தான் இருப்பதிலேயே சுவாரசியமானவை. இரண்டு வழியில் பச்சை வரும். ஒன்று, பக்கத்துச் செம்புக் காசு கரைந்து இதன்மேல் படிந்தது. அப்படியென்றால் பச்சை ஓடாக இருக்கும், பெயர்ந்த இடத்தில் அடியில் வழவழப்பான வெள்ளி தெரியும். இரண்டு, காசின் உள்ளேயே செம்பு கலந்திருப்பது. திட நிலையில் வெள்ளி அதிகபட்சம் 8.8 சதவீதச் செம்பைத்தான் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அதுவும் 779 டிகிரியில். அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட எதையும் வைத்துக்கொள்ளாது. ஆக 20, 30 சதவீதம் செம்பு போட்ட காசு உள்ளுக்குள் இரண்டு உலோகங்களின் பின்னல். வெள்ளி மிகுந்த பகுதி எதிர்மின்வாயாகும், செம்பு மிகுந்த பகுதி கரையும். கரைந்த செம்பு வெளியே பச்சையாகப் படிகிறது, உள்ளே வெள்ளி ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. இந்த வகைப் பச்சைக்கு வேர் உண்டு, விளிம்பில் சிவப்பு குப்ரைட் உலோகத்துக்குள் நுழைந்திருப்பதைப் பத்து மடங்கு லென்ஸிலேயே பார்க்கலாம்.

இதனால் இரண்டு தொல்லை. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் காசின் மேலே மட்டும் அளந்தால் வெள்ளி விகிதம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மேற்பரப்பில் இருந்த செம்புதான் ஓடிப்போய்விட்டதே. போதாததற்கு, காசடிக்கும் காலத்திலேயே தகட்டைச் சூடாக்கி அமிலத்தில் தோய்த்து மேற்பரப்பை வெளுப்பாக்கும் வழக்கமும் உண்டு. பட்டியலில் அந்த எண்ணை எழுதினால் ‘மேற்பரப்பு அளவு’ என்று பக்கத்தில் குறியுங்கள்.

இன்னொரு தொல்லை நொறுங்குதல். காலப்போக்கில் செம்பு உலோகத்தின் படிக மணிகளின் எல்லையில் பிரிந்து படிகிறது, எல்லை வழியாகக் களிம்பும் உள்ளே இறங்குகிறது. சிறிதளவு ஈயம் இருந்தாலும் எல்லை வலுவிழக்கும். வளைந்த வெள்ளிக் காசை நிமிர்த்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கட்டிச் சர்க்கரை மாதிரி உடையும்.

அலுமினியத் தாள் விஷயம். அது மெல்லிய சல்பைடு படலத்தைத் திரும்ப வெள்ளியாக்கும் மின்வேதி வினை. உங்கள் காசில் இருப்பது குளோரைடும் செம்புச் சேர்மங்களும். கரைந்த செம்பு வெள்ளியின் மேலேயே இளஞ்சிவப்புப் பூச்சாகப் படியும், காரநீர் நுண்துளைகளில் தங்கும், உருக்குலைந்த ஓட்டிலிருந்து விவரங்கள் கழன்றுவிடும். புளிப்பு எதுவானாலும் இதே கதிதான், கூடுதலாக மாலகைட்டோடு குப்ரைட்டும் கரையும்.

அம்மோனியா பற்றி ஓர் எச்சரிக்கை. வெள்ளிக் குளோரைடை அது நன்றாகக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் வெள்ளி கலந்த அம்மோனியாக் கரைசலை வைத்திருந்தாலோ காயவிட்டாலோ வெடிக்கும் சேர்மம் உண்டாகும். தொட்டாலே வெடிக்கக்கூடியது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

---

ஈரமானி எழுதியது:

திரும்பத் திரும்ப வரும் வெளிர்பச்சைப் பொடிக்குப் பெயர் வெண்கல நோய். பெயரில் வெண்கலம் இருந்தாலும் சுத்தச் செம்புக்கும் வரும், கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மண்படிவு சொன்ன நாண்டோகைட்தான் மூலம். மண்ணுக்கடியில் ஆக்சிஜன் குறைவாக இருந்தவரை அது சும்மா கிடந்தது. வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் சேர, செம்பின் மும்மை ஹைட்ராக்சி குளோரைடாக மாறுகிறது. அதாவது பாராட்டகாமைட், அட்டகாமைட் போன்றவை. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிப்படும். அந்த அமிலம் மிச்சமிருக்கும் உலோகத்தைத் தின்று புது நாண்டோகைட்டை உண்டாக்கும். குளோரைடு செலவாவதே இல்லை, வட்டமடிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெர்த்தெலோ இந்தச் சுழற்சியைச் சொல்லிவிட்டார்.

அடையாளம் காண்பது: மாலகைட் கடினம், பளபளப்பு உண்டு, பல்குத்தும் குச்சியால் நெருடினால் அசையாது. நோய்ப்பொடி வெளிறியது, மாவு மாதிரி உதிரும், புள்ளிப் புள்ளியாகக் கிளம்பும், அடியில் குழி இருக்கும். குழியின் அடியில் சாம்பல் நிற மெழுகுப் பொருள் தெரிந்தால் அதுதான் நாண்டோகைட்.

ஐயம் தீரவில்லையா? உதிர்ந்த துகளை மட்டும் 10 மில்லி வாலைவடிநீரில் போட்டுக் குலுக்கித் தெளியவிடுங்கள். மேல்நீரில் இரண்டு மூன்று சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசல் (100 மில்லிக்கு 1.7 கிராம்). வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு. நைட்ரிக் அமிலத்தை விட்டுவிட்டால் கார்பனேட்டும் கலங்கலைக் காட்டி ஏமாற்றும். குழாய்நீரில் செய்தால் எப்போதும் கலங்கும், ஏனென்றால் அதிலேயே குளோரைடு இருக்கிறது. இதை ஒரு வெற்றுச் சோதனையோடு (துகள் போடாத நீரில் அதே சோதனை) ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஈரக் கூண்டுச் சோதனையும் உண்டு: மூடிய பெட்டியில் ஈரப்பஞ்சு வைத்து, காசு நீரைத் தொடாமல் மேடையில் வைத்து ஓரிரு நாள் பார்ப்பது. நோய் இருந்தால் பொடி பூக்கும். ஆனால் இது நோயைத் தூண்டிவிட்டுக் கண்டுபிடிப்பது. ஏற்கெனவே பொடி பூக்கும் காசுக்கு இந்தச் சோதனை எதற்கு? சந்தேகக் காசுக்கு மட்டும் போதும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது உலர்த்தல் ஒன்றே. வினை வேகமெடுப்பது ஒப்பு ஈரப்பதம் 42-46 சதவீதத்தைத் தாண்டும்போது. 35க்குக் கீழே வைத்திருந்தால் நின்றுவிடும். இறுக்கமாக மூடும் பாலிபுரோப்பிலின் பெட்டி, உள்ளே ஈரப்பதம் காட்டும் அட்டை, உலர்த்திய சிலிக்கா ஜெல். 5 லிட்டர் பெட்டிக்கு 200 முதல் 250 கிராம் போடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். ஆரஞ்சு நிறங்காட்டி உள்ள ஜெல் வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு. நிறம் மாறியதும் 110-120 டிகிரியில் சில மணி நேரம் வைத்துக் காயவைத்து, மூடிய ஜாடியில் ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். திறந்த தட்டில் ஆறவைத்தால் ஆறுவதற்குள் பாதி ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

ஒவ்வொரு காசும் துளையிட்ட தனி பாலிதீன் உறையில். துளை இல்லாவிட்டால் உறைக்குள்ளே தனி ஈரம் தங்கிவிடும், அட்டை 30 காட்டும், காசு 60இல் இருக்கும். பிவிசி ஆல்பம் பக்கங்கள் கூடவே கூடாது, அவை அமில வாயுவும் எண்ணெயும் கக்கும். மரப்பெட்டி, ரப்பர், கம்பளித் துணி இவையும் வேண்டாம்: மரத்திலிருந்து அசெட்டிக் அமிலம், மற்ற இரண்டிலிருந்தும் கந்தகம். நோய் உள்ளவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள். தொற்றிப் பரவும் என்பதற்காக அல்ல, உதிரும் பொடியில் குளோரைடு இருப்பதாலும், எது உதிர்கிறது என்று உடனே தெரிவதற்காகவும்.

---

சோடாக்காரன் எழுதியது:

உலர்த்தி வைப்பது நோயைத் தூங்கவைப்பதுதானே? ஒருநாள் பெட்டி திறந்தே கிடந்தால் மறுபடி ஆரம்பம். வேரோடு எடுக்க சோடியம் செஸ்குவிகார்பனேட் இருக்கிறது. 5 சதவீதக் கரைசல்: ஒரு லிட்டர் வாலைவடிநீருக்கு நீரற்ற சோடியம் கார்பனேட் 23.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 18.6 கிராம். வாரம் ஒருமுறை கரைசல் மாற்றி, கழிவுநீரில் குளோரைடு வராதவரை ஊறவிட வேண்டும். பல ஆய்வகங்களில் நெடுங்காலம் செய்த முறை.

---

நுண்ணோக்கி எழுதியது:

அளவு சரி. முறையோடு எனக்கு உடன்பாடில்லை. அதே ஆய்வகங்கள் பலவும் இப்போது கைவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆழத்தில் இருக்கும் நாண்டோகைட்டை எட்ட மாதக்கணக்கில், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் மேலே இருக்கும் மாலகைட்டில் ஒரு பகுதி கரைந்து, சோடியமும் செம்பும் சேர்ந்த நீலப்பச்சைக் கார்பனேட்டாக, சால்கோநேட்ரோனைட்டாகப் படியும். நிறம் மாறும், அடுக்குகளின் சான்று அழியும், பின்னாளில் பகுத்தாய்பவர் அதை இயற்கையாக உண்டான கனிமம் என்று எழுதிவிடுவார். செய்தே ஆக வேண்டுமானால் முன்னும் பின்னும் படம், கரைசலின் விகிதம், மாற்றிய தேதி எல்லாம் காசின் பதிவோடு இருக்கட்டும்.

வெறும் வாலைவடிநீரில் ஊறவைப்பது இதைவிட மோசம். நீர் நாண்டோகைட்டைச் சிதைத்து அமிலத்தை விடுவிக்கும், தடுக்கக் காரமே இல்லை.

ஓரிரு குழி மட்டும் என்றால் வெள்ளி ஆக்சைடு வைத்து அடைப்பது மேல். நுண்ணோக்கியின் கீழ் பொடியையும் மெழுகுப் பொருளையும் ஊசியால் சுரண்டி எடுத்து, வெள்ளி ஆக்சைடை எத்தனாலில் குழைத்துக் குழிக்குள் அழுத்தி, பிறகு ஈரக் கூண்டில் வைக்க வேண்டும். மிச்சமிருக்கும் நாண்டோகைட்டோடு வினைபுரிந்து குழியின் வாயில் வெள்ளிக் குளோரைடும் குப்ரைட்டும் அடைப்பாக நிற்கும். ஈரத்தில் மறுபடி பூத்தால் எதையோ விட்டிருக்கிறீர்கள், திரும்பச் செய்ய வேண்டும். பழுப்புக் கறுப்பாகத் தெரியும் அந்தப் புள்ளியைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

செம்பின்மேல் காப்புப் படலம் உண்டாக்கும் பென்சோட்ரையசோல் பற்றியும் கேட்பார்கள். 3 சதவீதம் எத்தனாலில், வெற்றிடத்தில், 24 மணி நேரம், அதன் பிறகு எத்தனாலால் கழுவி பேரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் பூச்சு. நல்ல முறை, ஆனால் மேற்பரப்பை மூடுகிறது, குளோரைடை எடுப்பதில்லை. குழிக்குள் அமிலம் இருந்தால் அதன் படலம் சரியாகப் பிடிக்காது. நோய் முற்றிய காசில் தோற்கக் காரணம் அதுதான். உடல்நலக் கேடு பற்றிய ஐயமும் இருப்பதால் கையுறையும் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டும் இல்லாத இடத்தில் தொடவே கூடாது.

---

சோடாக்காரன் எழுதியது:

கழிவுநீரில் குளோரைடு நின்றுவிட்டால் உள்ளேயும் இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அடைபட்ட குழியில் அது வெளியே வரவே வராது என்பது நியாயம்தான். ஆனாலும் கடலுக்கடியிலிருந்து வந்த, உப்பு முழுக்க ஊறிய, பெரிய எண்ணிக்கையிலான பொருட்களுக்கு ஒவ்வொரு குழியாக ஊசி வைத்துச் சுரண்ட ஆள் எங்கே? அங்கே தொட்டிதான் வழி.

---

காசுப்பை எழுதியது:

பானையில் எந்த இடம் என்ற குறிப்பு மூன்று அடுக்காக இருக்கிறது. மரு உள்ளவை பெரும்பாலும் அடியடுக்கு. மெழுகு வெள்ளியும் அங்கேதான்.

ஈரமானி சொன்னபடி பெட்டி வைத்தாயிற்று. இன்னொரு சந்தேகம். அடியடுக்குச் செம்புக் காசு ஒன்றின் பச்சையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தெரிகின்றன. துணி நெசவு போல இருக்கிறது. இதைக் காசிலிருந்து பிரிக்கலாமா? எழுத்தை வாசிக்க வேண்டுமானால் எதுவரை சுரண்டலாம் என்று எப்படித் தெரிவது?

---

மண்படிவு எழுதியது:

பிரிக்காதீர்கள். அது துணியேதான், அல்லது துணியின் அச்சு. செம்பு அயனி நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. அதனால் காசை ஒட்டிய இடத்தில் மட்டும் நூல் மக்காமல் நிற்கும், காலப்போக்கில் இழையின் உள்ளும் புறமும் செம்புச் சேர்மம் நிரம்பிக் கல்லாகும். பக்கவாட்டு ஒளியில் படம் எடுங்கள், அளவுகோலோடு. ஒரு சென்டிமீட்டருக்குப் பாவு எத்தனை, ஊடு எத்தனை, முறுக்கு இடமா வலமா என்று எண்ணுங்கள். காசுகள் முடிச்சாகக் கட்டி வைக்கப்பட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேறில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டு மறுபக்கத்தை வாசிக்க முயலுங்கள்.

எதுவரை என்பதற்கு வழி: 10 முதல் 20 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கியில் விளிம்பில் ஓர் உடைப்பைத் தேடுங்கள். வெளியடுக்குப் பச்சையில் மணல் துகள்கள் பதிந்திருக்கும், ஏனென்றால் அது மண்ணுக்குள் வளர்ந்தது. உள்ளடுக்கில் மணலே இராது, அது உலோகம் இருந்த இடத்தில் உருவானது. மணல் முடியும் கோடுதான் காசின் பழைய மேற்பரப்பு, எழுத்தும் அங்கேதான். பல காசுகளில் அது குப்ரைட்டின் மேல்விளிம்போடு ஒத்துப்போகும். அந்தக் கோட்டைத் தாண்டிச் சிவப்புக்குள்ளோ உலோகத்துக்குள்ளோ போனால் எழுத்து போய்விட்டது என்று அர்த்தம், பளபளப்பு மட்டும் மிஞ்சும்.

15ஆம் எண் கத்தியைச் சாய்த்துப் பிடியுங்கள், செதுக்க வேண்டாம், மேலடுக்கைத் தூக்கிப் பெயர்க்கப் பாருங்கள். இரண்டு அடுக்கும் பல இடங்களில் தானாகவே பிரியும். எத்தனாலில் ஒரு சொட்டு வைத்தால் மண் நெகிழும், காய்வதும் வேகம். கண்ணாடியிழைத் தூரிகையைச் செம்பில் பயன்படுத்தாதீர்கள், குப்ரைட்டில் கோடு விழும், உடைந்த இழை குழிக்குள் போய் உட்காரும். பிரியாமல் அடம்பிடிக்கும் மருவை அப்படியே விட்டுவிட்டு, எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க வழியிருக்கிறதா என்று விசாரியுங்கள். உள்ளே உலோகம் மிஞ்சியிருந்தால் முத்திரையின் மேடு பள்ளம் பல நேரம் படத்திலேயே வாசிக்கக் கிடைக்கும். உலோகமே இல்லையென்றால் அந்த மருவைத் தொடுவதில் பயனில்லை.

---

நுண்ணோக்கி எழுதியது:

அதே முறை மெழுகு வெள்ளிக்கு ஆகாது. மணல் கோடு அங்கேயும் உண்டு, ஆனால் வெள்ளிக் குளோரைடு வெட்டினால் பிரியாது, கத்தியோடு இழுபட்டுத் தேயும். அவற்றை இருட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அங்கே காரக் கரைசலில் சோடியம் டைதயோனைட் கொண்டு குளோரைடை இருந்த இடத்திலேயே திரும்ப வெள்ளியாக்கும் முறை இருக்கிறது: லிட்டருக்கு சோடியம் ஹைட்ராக்சைடு 40 கிராம், டைதயோனைட் 50 கிராம், காற்று புகாதபடி விளிம்புவரை நிரப்பிய மூடிய கலம். காற்று புகுந்தால் டைதயோனைட் வீணாகிவிடும். இதைச் சொல்வது நீங்கள் செய்வதற்காக அல்ல. அனுப்பும்போது ‘கரைத்து எடுக்க வேண்டாம், ஒடுக்க (திரும்ப வெள்ளியாக்க) முடியுமா பாருங்கள்’ என்று கேட்பதற்காக. தயோசல்பேட்டில் கரைத்தால் தோலோடு முத்திரையும் போய்விடும்.